ஏற்றத்தில் தட்டும், சமதளத்தில் இழுக்காது: அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸ் ஸ்பிரிங் பார்ப்பது எப்படி

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவிலேயே என் மார்க் 3 அம்பாசிடர் தட்ட ஆரம்பித்தது, டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி. கீழே வந்ததும் ஒரு பட்டறையில் பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னால் தள்ளினார்கள். தட்டல் நின்றது, கூடவே இழுவையும் போனது. சமதளத்திலேயே வண்டி முனகியது, டெம்பரேச்சர் முள் ஏறியது. இன்னொரு பட்டறையில் டைமிங்கை முன்னால் கொண்டுவந்தார்கள். இழுவை திரும்பியது, தட்டலும் திரும்பியது. பிளக், கண்டன்சர், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாறின. கடைசியில் வயதான ஒரு மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டாரை விரலால் திருப்பி விட்டுப் பார்த்தார். "பாருங்க தம்பி, போனது திரும்பி வரல" என்றார். ஒரு ஸ்பிரிங்கின் கொக்கி தேய்ந்து அறுந்து கிடந்தது. இன்னொன்று அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

டைமிங் "சரியாக" இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். வேகம் கூடும்போது அது எப்படி நகர்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்பிரிங் கெட்ட வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு வேகத்தில் சரியாகி இன்னொரு வேகத்தில் கெடும். அந்த விளையாட்டில் நீங்கள் மாட்டியிருந்தால் மேலே படியுங்கள்.

நான் எழுதுவது 1489 சிசி பெட்ரோல் எஞ்சினையும் அதில் வரும் லூகாஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டரையும் வைத்துத்தான். மாரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் வழிவந்த பழைய வண்டிகளுக்கும் அடிப்படை இதேதான். டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது

பெட்ரோலும் காற்றும் எரிந்து முடிய ஏறக்குறைய ஒரே நேரம்தான் பிடிக்கும், ஆனால் கிராங்க் காத்திருக்காது. 1000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி செகண்டில் அது 6 டிகிரி சுற்றுகிறது. 4000த்தில் அதே நேரத்தில் 24 டிகிரி. அதனால் வேகம் கூடக் கூட ஸ்பார்க் முன்னதாக விழ வேண்டும். இதற்குத்தான் அட்வான்ஸ் என்று பெயர். பாயிண்ட் (திறக்கும்போது ஸ்பார்க்கை விடும் சின்ன சுவிட்ச்) பிளேட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு வெயிட்டுகள் இதைச் செய்கின்றன. சுற்றும்போது அவை வெளியே விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமைச் சுழலும் திசையிலேயே சில டிகிரி முன்னால் தள்ளும். அவற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பதுதான் இரண்டு ஸ்பிரிங்குகளின் வேலை.

இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லிய கம்பி, எப்போதும் இழுவிசையில் இருக்கும். இன்னொன்று தடித்த கம்பி, அதன் ஒரு கொக்கி நீள்வட்டமாக இருக்கும், கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடும். அந்த ஆட்டம் கோளாறு இல்லை. குறைந்த வேகத்தில் மெல்லியது மட்டும் வேலை செய்யும். வெயிட் கொஞ்சம் விரிந்த பிறகுதான் தடித்தது பிடிக்கும். இது தெரியாமல் "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்று தடித்ததை வளைத்து இறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்த வண்டியில் நடுவேகத்தில் அட்வான்ஸ் வராது.

கேமின் அடிப்பாகத்தில் ஒரு எண் அடித்திருக்கும். உதாரணமாக 12 என்றிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் அதிகபட்சம் 12 டிகிரி அட்வான்ஸ் கொடுத்து நின்றுவிடும் என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் இது 24 டிகிரி. இந்தப் பாதிக் கணக்கில் குழம்பாதவர் குறைவு. ஒரு தாளில் எழுதி போனட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

ஐடிலிங் நிலையில்லை, ரேஸ் கொடுத்து விட்டால் இறங்க நேரமாகிறது

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் 1200, 1300லேயே தொங்கி, அப்புறம் மெதுவாக இறங்குகிறதா? ஸ்பிரிங் தளர்ச்சியின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். ஐடிலிங்கிலேயே வெயிட் விரிந்துவிடுகிறது, அட்வான்ஸ் கூடுகிறது, அதனால் எஞ்சின் வேகம் இன்னும் கூடுகிறது, அதனால் வெயிட் இன்னும் விரிகிறது. ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

ஆனால் உடனே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றாதீர்கள். ஆக்சிலரேட்டர் ராடு ஒட்டுகிறதா, சோக் முழுதாகத் திறக்கிறதா, கார்புரேட்டருக்கு அடியில் கேஸ்கெட் வழியாகக் காற்று உறிஞ்சுகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த மூன்றும் அச்சாக இதே அறிகுறியைக் காட்டும். மூன்றும் சரி என்றால் கீழே சொல்லும் பல்பு, லைட் ஒப்பீட்டைச் செய்யுங்கள்.

ஏற்றத்தில் அல்லது டாப் கியரில் மெதுவாகப் போகும்போது தட்டுகிறது

எந்த வேகத்தில் தட்டுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். டாப் கியரில் 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போது தட்டி, வேகம் ஏறினதும் நின்றுவிட்டால் ஸ்பிரிங் மேல் சந்தேகம் வைக்கலாம். தளர்ந்த ஸ்பிரிங் அட்வான்ஸைச் சீக்கிரம் கொடுத்துவிடும், ஆனால் அதிகபட்ச அளவை மாற்றாது. 3500, 4000 ஆர்.பி.எம்.மில் நல்ல ஸ்பிரிங்கும் கெட்ட ஸ்பிரிங்கும் ஒரே ஸ்டாப்பரில்தான் போய் முட்டும். ஆகவே ஸ்பிரிங் கோளாறு கீழ் வேகத்தில் தட்டும், மேலே தட்டாது.

எல்லா வேகத்திலும் தட்டினால் அடிப்படை டைமிங்கே முன்னால் இருக்கிறது, அல்லது ஹெட்டில் கரி படிந்திருக்கிறது, அல்லது பிளக்கின் ஹீட் ரேஞ்ச் தவறு. லேசாக மிதித்து ஒரே சீராகப் போகும்போது மட்டும் தட்டினால், எஞ்சினின் உறிஞ்சலை வைத்து அட்வான்ஸைக் கூட்டும் வாக்யூம் யூனிட்டைப் பாருங்கள். முழுசாக மிதித்து மலை ஏறும்போது வாக்யூம் ஏறக்குறைய இருக்காது என்பதால் மலையில் வரும் தட்டலுக்கு அதன் மேல் பழி போட வேண்டாம்.

ஒரே நாளில், முன்னறிவிப்பே இல்லாமல் தட்டல் ஆரம்பித்ததா? ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். அப்படியென்றால் ஓட்டாமல் நிறுத்திப் பாருங்கள். அறுந்த கம்பித் துண்டு வெயிட்டுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும்.

இழுவை இல்லை, எஞ்சின் சூடாகிறது, பெட்ரோல் குடிக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பல வருடம் நின்ற வண்டியில் வெயிட்டுகள் துருவிலும் காய்ந்த கிரீஸிலும் ஒட்டிக்கொண்டு அட்வான்ஸே வராமல் போகும். இரண்டாவது, வேறு டிஸ்ட்ரிபியூட்டரின் கனமான ஸ்பிரிங்கை யாரோ மாட்டியிருப்பார்கள். மூன்றாவதுதான் என் வண்டிக்கு நடந்தது. தளர்ந்த ஸ்பிரிங்கால் வந்த தட்டலை மறைக்க டைமிங்கைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கீழ் வேகத்தில் எல்லாம் அமைதியாக இருக்கும். மேலே போனால் அதிகபட்ச அட்வான்ஸும் அதே அளவுக்குக் குறைந்துபோயிருக்கும். எரிய வேண்டியது தாமதமாக எரிந்து, சூட்டை எக்ஸாஸ்டுக்கும் ரேடியேட்டருக்கும் அனுப்பும். ரேடியேட்டரைக் கழுவிக் கழுவிப் பலன் இல்லாமல் போகும்.

டைமிங் லைட் அடித்தால் மார்க் நிற்காமல் ஆடுகிறது

டைமிங் லைட் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒருமுறை மின்னும். அந்த வெளிச்சத்தில் புல்லியின் மார்க் ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துடித்தால் ஸ்பிரிங் வாங்கப் போகாதீர்கள். கேப்பைக் கழற்றி ரோட்டாருக்குக் கீழே ஷாஃப்டைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ் தேய்ந்தால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். லேத் பட்டறையில் புஷ் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். டைமிங் செயின் தளர்ந்திருந்தாலும் மார்க் இப்படி அலையும். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கிட் பாயிண்டின் வேலையை மட்டும்தான் செய்யும். வெயிட், ஸ்பிரிங், புஷ் எல்லாம் அடியில் பழையபடியேதான் இருக்கின்றன.

விரல் சோதனை

கேப்பின் இரண்டு கிளிப்புகளை விடுவித்து ஓரமாக வையுங்கள். ரோட்டாரைப் பிடித்து, அது சுழலும் திசையில் திருப்புங்கள். இந்த எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. கொஞ்ச தூரம்தான் போகும். 12 டிகிரி என்பது கடிகாரத்தின் பெரிய முள் 2 நிமிடம் நகரும் தூரம். முதலில் லேசாகவும் பிறகு கனமாகவும் இருக்க வேண்டும். விட்டதும் சட்டென்று முழுதாகத் திரும்ப வேண்டும்.

திரும்பாமல் பாதியில் நின்றால் ஒட்டியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. அசையவே இல்லை என்றால் வெயிட் பிடித்துவிட்டது. எந்தக் கனமும் இல்லாமல் கொழகொழவென்று போய் வந்தால் மெல்லிய ஸ்பிரிங் போயிற்று. ஆனால் லேசாக நீண்ட ஸ்பிரிங்கை விரல் கண்டுபிடிக்காது. அதற்கு லைட்தான் வேண்டும்.

பல்பும் லைட்டும்: இரண்டையும் ஒப்பிடுங்கள்

எஞ்சின் நின்றிருக்கும்போது வெயிட்டுகள் மூடியிருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அறுந்தோ வெயிட் ஒட்டியோ போகாதவரை, நின்ற நிலை டைமிங் பொய் சொல்லாது. ஆகவே முதலில் அதை எடுங்கள். 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்து, இக்னிஷனைப் போட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் எஞ்சினை அது சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அப்போது புல்லியின் வெட்டு டைமிங் கவரின் முனைகளில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றுவதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம். மார்க்கைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல், மறுபடி சுற்றி வாருங்கள்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாக்குங்கள். வாக்யூம் பைப்பைக் கழற்றி கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிடுங்கள், ஒரு சின்ன ஸ்க்ரூ போதும். ஐடிலிங்கில் டைமிங் லைட் அடியுங்கள். பல்பு காட்டியது 6 டிகிரி, லைட் 700 ஆர்.பி.எம்.மில் காட்டுவது 12 அல்லது 14 என்றால், ஸ்பிரிங் ஐடிலிங்கிலேயே விட்டுக்கொடுத்துவிட்டது. லைட்டை மட்டும் நம்பி டைமிங் வைக்கிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். "6 வைக்கணும், 12 இருக்கு" என்று அவர் பின்னால் தள்ளுவார், வண்டி இழுவையை இழக்கும்.

அடுத்து 1000, 1500, 2000, 3000 என்று வேகம் கூட்டி ஒவ்வொன்றிலும் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். டைமிங் கவரின் முனைகள் 10 டிகிரிக்கு மேல் போகாது. அதற்கு மேல் நீங்களே புல்லியில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். புல்லியின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி 360ஆல் வகுங்கள். 125 மில்லிமீட்டர் புல்லி என்றால் ஒரு டிகிரிக்கு சுமார் 1.09 மில்லிமீட்டர், 20 டிகிரிக்கு கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர். வெட்டிலிருந்து அந்தத் தூரத்தில், புல்லி சுற்றும் திசையில் தள்ளி, வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு கோடு. எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஒன்று நினைவில் வையுங்கள்: அந்தக் கோடு, மெதுவாகச் சுற்றும்போது, டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) முனையை வெட்டுக்கு முன்னால் கடக்க வேண்டும்.

நல்ல ஸ்பிரிங் என்றால் எண்கள் படிப்படியாக ஏறும், முதலில் வேகமாக, பிறகு நிதானமாக. 1500லேயே எல்லாம் முடிந்து அதற்கு மேல் அசையாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. 3000 வரை ஒன்றுமே நகராவிட்டால் வெயிட் ஒட்டியிருக்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போதும் ஒருமுறை எழுதுங்கள். ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண் என்றால் வெயிட் உராய்கிறது, கழுவினாலே சரியாகலாம்.

ஒரு எச்சரிக்கை. டைமிங் லைட் வெளிச்சத்தில் சுற்றும் ஃபேன் பிளேடு நின்றுவிட்ட மாதிரி கண்ணுக்குத் தெரியும். அது நிற்கவில்லை. தோளில் துண்டு, வேட்டி நுனி, லைட்டின் ஒயர் எல்லாம் எட்ட இருக்கட்டும். இன்னொன்று, சில பழைய வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். லைட்டின் கிளிப்புகளைப் பேட்டரியின் அடையாளத்தைப் பார்த்து மாட்டுங்கள், பாடியை நம்பாதீர்கள்.

கழற்றுவது

வண்டியில் வைத்தே பிளேட்டைக் கழற்றலாம் என்பார்கள். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அரை நாள் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுங்கள். இந்த எஞ்சினில் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் இரண்டு இடம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை இறுக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள். கிளாம்ப் தகட்டை எஞ்சினோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றினால் திரும்ப மாட்டும்போது டைமிங் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வரும். அடியில் இருக்கும் டிரைவ் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி வெட்டியிருப்பதால் அது ஒரே ஒரு வழியில்தான் உட்காரும். பேட்டரி ஒயரை முதலில் எடுத்துவிடுங்கள். துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அதற்குள் வேலை செய்யுங்கள். ஸ்க்ரூ விழுந்தால் சத்தம் கேட்கும். ரோட்டாரை எடுத்துவிட்டு பாயிண்ட் நட்டைக் கழற்றும்முன் ஃபோனில் ஒரு படம் எடுங்கள். நட், அதற்கு அடியில் பிளாஸ்டிக் புஷ், கண்டன்சர் ஒயர், டெர்மினல் ஒயர், பாயிண்டின் ஸ்பிரிங் என்று ஒரு வரிசை இருக்கும். அந்தக் கம்பம் எர்த். ஒயரின் வளையம் அதைத் தொட்டால் ஸ்பார்க் வராது. ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

கண்டன்சரை எடுத்து, வாக்யூம் யூனிட்டின் கொக்கியைப் பிளேட்டிலிருந்து விடுவித்து, ஓரத்தில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பிளேட் மேலே வரும். ஒரு ஸ்க்ரூவில் சின்ன எர்த் ஒயர் இருக்கும். அது நைந்து போயிருந்தால் அதுவே மிஸ்ஸிங்குக்குக் காரணமாக இருந்திருக்கும்.

இப்போது ஸ்பிரிங் கண்ணில் படும். பிளையரால் பிடித்து இழுக்காதீர்கள், நல்லதும் நீண்டுவிடும். குரோஷா ஊசி இருந்தால் அது போல வேறு கருவி இல்லை. மெல்லிய ஸ்பிரிங்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சும்மா இருக்கும்போது சுருள்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் நீண்டுவிட்டது. அடுத்து கொக்கியின் உள்வளைவு. கம்பத்தில் உரசி உரசிப் பாதிக் கம்பியாகத் தேய்ந்திருக்கும், நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். கம்பத்திலும் அதே பள்ளம் இருக்கும். கம்பம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புது ஸ்பிரிங்கும் தளர்வாகவே உட்காரும்.

புது ஸ்பிரிங்

டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் 25டி4 என்பதோடு ஐந்து இலக்க எண் ஒன்று அடித்திருக்கும். ஸ்பிரிங்கை முடிவு செய்வது அந்த எண்தான். வெளியே அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குள் வேறு வேறு ஸ்பிரிங் இருக்கலாம். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961லிருந்து இயங்குவதால் நம் ஊரில் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்கள் காயலான் கடையிலாவது கிடைக்கும். ஆனால் எண்ணைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மட்டும் உருவிக்கொண்டு வராதீர்கள். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

நீண்ட ஸ்பிரிங்கில் இரண்டு சுருளை வெட்டிவிட்டுப் புதுக் கொக்கி வளைப்பது பட்டறைகளில் நடப்பதுதான். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், அட்வான்ஸ் தாமதமாக வரும். ஊர் போய்ச் சேர அது போதும். அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

மாட்டும்முன் வெயிட்டுகளையும் அவற்றின் முளைகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். முளைக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். கிரீஸ் திணிக்க வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கேம் ஷாஃப்டோடு ஒட்டியிருந்தால் ரோட்டார் உட்காரும் குழிக்குள் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிக் கேமை மேலே எடுக்கலாம். எடுக்கும்முன் ரோட்டாரின் வெட்டு, அடியில் இருக்கும் டிரைவின் ஓரப் பக்கத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். கேம் 180 டிகிரி திரும்பியும் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் எஞ்சின் கார்புரேட்டர் வழியாகத் துப்பும், ஸ்டார்ட் ஆகாது. மாட்டியதும் அந்த ஸ்க்ரூ மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பிளேட்டை மாட்டாமலே விரல் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். வெயிட்டுகள் விரிவதும் மூடுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும், தடித்த ஸ்பிரிங் எப்போது பிடிக்கிறது என்பதும்.

திரும்ப மாட்டிய பிறகு

முதலில் பாயிண்ட் இடைவெளி, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடுத்து பல்பு வைத்து நின்ற நிலை டைமிங். வாக்யூம் யூனிட்டின் பக்கத்தில் இருக்கும் சொரசொரப்பான சின்ன நட்டை யாராவது ஒரு கோடிக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு டைமிங் வையுங்கள், அப்போதுதான் கடைசியில் நுணுக்கமாகத் திருத்த இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

பிறகு வாக்யூம் பைப்பை அடைத்தபடியே லைட். ஐடிலிங்கில் பல்பு சொன்னதற்கும் லைட் சொல்வதற்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 1500, 2000, 3000 எண்களைப் பழைய தாளின் பக்கத்திலேயே எழுதுங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவை மறுபடி திருத்த வேண்டிவரும். முன்பு அட்வான்ஸ் தூக்கிப்பிடித்த வேகம் இப்போது இருக்காது, எஞ்சின் 500க்கு விழுந்து நின்றுவிடப் பார்க்கும். அது புதுக் கோளாறு இல்லை.

வாக்யூம் பைப்பைத் திரும்பச் செருக மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு மைலேஜ் ஏன் ஏறவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.